பாலாற்றுக்கு எஜமானன் யார்?

பாலாறு என்பதாக ஒரு ஆறு நமது நாட்டில் ஓடுகின்றது என்று பூகோளப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நமது பிள்ளைகளும் அதை நெட்டுருப் போட்டுப் பரீட்சையில் ஒப்பித்து மார்க்கு வாங்கி வருகிறார்கள். ஆனால் அப்பிள்ளைகள் வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால் காண்பதெல்லாம் மணலும், மணல் எடுத்த குழியும், வேலிக்காத்தான் முள்ளும், ஊர்ச் சாக்கடையுமே தவிர ஆறு அல்ல. புத்தகத்தில் ஓடுகிற ஆறு பூமியில் ஏன் ஓடவில்லை என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால், அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட உத்தியோகஸ்தர் இன்னார் என்று யாராவது விரல் நீட்டிக் காட்ட முடியுமா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட சங்கதியாகும்.

ஒடுகத்தூர்ப் பக்கத்துத் தோழர்கள் சிலர் நம்மிடம், “தோல் கழிவு என்பது ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரர்கள் சங்கதி, ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கு அதில் என்ன?” என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒடுகத்தூர் வழியாக மலையிலிருந்து இறங்கி வருகிற உத்திரகாவேரி எங்கே போய்ச் சேருகிறது என்று அவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம். அது பாலாற்றில்தான் போய்ச் சேருகிறது. கிளை வேறு, மரம் வேறு என்று எண்ணுகிறவன் மரம் பட்டபிறகு கிளைக்குத் தண்ணீர் ஊற்றிப் பயன் என்ன?

உத்தரம் என்றால் வடக்கு. ஆகவே உத்திரகாவேரி என்பதற்கு வடக்குக் காவேரி என்று பொருள். நமது புராணிகர்களுக்கு எந்த ஆற்றைக் கண்டாலும் அதற்கு ஒரு தெய்வப் பெயரும் ஒரு கதையும் கட்டாமல் தூக்கம் வராது. பாலாறு என்றார்கள், பாலாய் ஓடிற்று என்று கதையும் அளந்தார்கள். பெயர் வைத்த புண்ணியத்தால் என்ன நடந்திருக்கிறது? வடக்குக் காவேரியும் பாலாறும் ஓடுகிற இந்த வேலூர்ப் பிரதேசத்து ஜனங்களுக்குக் குடிக்கத் தண்ணீர், தெற்கே வெகு தூரத்திலிருந்து நிஜக் காவேரியிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவரப்படுகிறது! மழைக் காலத்தில் மலையிலிருந்து உத்திரகாவேரியில் இறங்கி வரும் வெள்ளத்தைத் தேக்க மேலரசம்பட்டில் ஒரு அணை வேண்டுமென்று இப்பக்கத்துக் குடியானவர்கள் வெகு காலமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். அருகிலிருக்கிற தண்ணீரை நிறுத்தி வைக்கத் தெரியாமல் அயலூர்த் தண்ணீரைக் குழாயில் இழுத்து வருவதற்குப் பெயர் நீர்த் திட்டமா என்று கேட்கின்றோம்.

நிற்க, இந்த ஆற்றுக்கு எஜமானர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் பார்ப்போம். ஆற்றில் ஓடுகிற தண்ணீர் நீர்வளத்துறையைச் சேர்ந்தது. அத்துறையும் 2021 வரையில் பொதுப்பணித்துறையின் வீட்டுக்குள் ஒரு அறையாக இருந்து, பிறகு தனிக்குடித்தனம் போனது. அதே தண்ணீர் குழாய்க்குள் புகுந்துவிட்டால் அது குடிநீர் வடிகால் வாரியத்தின் சொத்தாகிவிடும். அதில் கழிவு கலந்தால் 1982-இல் ஏற்பட்ட மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் சங்கதி. அடியில் கிடக்கும் மணல் கனிமவள இலாகாவுக்கு. கரைப் புறம்போக்கு ரெவினியூ இலாகாவுக்கு. தண்ணீர் பிறக்கிற மலை வன இலாகாவுக்கு. வந்து விழும் சாக்கடை முனிசிபாலிட்டிக்கு. தோலை ஏற்றுமதி செய்து அன்னிய நாணயம் சம்பாதிப்பது மத்திய சர்க்கார் வர்த்தக இலாகாவின் அக்கறை. போதாக்குறைக்கு 2019-இல் பழைய வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தார்கள். அதனால் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர்க் கலெக்டரிடத்திலும், ஒடுகத்தூர் வேலூர்க் கலெக்டரிடத்திலும், ஆற்காடும் ராணிப்பேட்டையும் மூன்றாவது கலெக்டரிடத்திலும் போய் நிற்கின்றன. ஆற்றுக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது. மேலே போட்ட விஷத்தை எல்லைக் கல்லைக் கண்டு நிறுத்தி வைக்காமல் அது கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறது.

இத்தனை எஜமானர்கள் இருந்தும் குடியானவன் ஒருவன் தன் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது என்று மனுக் கொடுத்தால் நடப்பது என்ன? நீர்வளத்துறை, “கழிவு எங்கள் பொறுப்பல்ல” என்கும். வாரியம், “மாதிரி எடுத்திருக்கிறோம்” என்கும். ரெவினியூ, “வாரியத்துக்கு எழுதியிருக்கிறோம்” என்கும். மனு ஊர்வலம் வரும், தண்ணீர் வராது. பங்கு கேட்கும்போது பத்துப் பேர், பொறுப்பு கேட்கும்போது ஒருவருமில்லை என்பதே நமது நாட்டு நீர் நிர்வாகத்தின் லட்சணமாய் இருந்து வருகிறது.

இதனால் விளைந்த கேட்டைக் கொஞ்சம் விபரமாகச் சொல்லுவோம். தோல் பதனிடுவது இப்பக்கத்தில் பழைய தொழில். முன்னே ஆவாரம்பட்டை முதலிய பட்டைகளைக் கொண்டு பதனிட்டார்கள். 1970-களில் மத்திய சர்க்கார், பச்சைத் தோலும் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலும் வெளிநாடு போவதைக் கட்டுப்படுத்தி, முழுக்க முடித்த தோலும் செருப்புமாகவே அனுப்பும்படி ஊக்கம் கொடுத்தது. லாபம் இங்கேயே தங்கும் என்பது அதற்குச் சொன்ன காரணம். காரணம் சரிதான். ஆனால் லாபத்தோடு குரோமிய உப்பும், சுண்ணாம்பும், சல்பைடும், தோல் கெடாமலிருக்கப் போட்ட மலை மலையான உப்பும் கூடவே தங்குமே, அவற்றை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அந்த வர்த்தக இலாகா வேறு எந்த இலாகாவையாவது கேட்டதா? ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகி ஏராளமான விஷக் கழிவு வெளியேறுகிறது என்று சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. தோல் கப்பலேறிப் போய்விட்டது. தண்ணீர் பாலாற்றங்கரைக் கிணறுகளில் இறங்கிவிட்டது.

இந்த அக்கிரமத்தைப் பொறுக்க முடியாமல் வேலூர் மக்கள் நலக் கூட்டமைப்பு 1991-இல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தது. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. தோல் ஷாப்புகளால் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்ற ஆராய்ச்சிக் கணக்கை அத்தீர்ப்பு எடுத்துச் சொல்லிற்று. அசுத்தப்படுத்தியவனே அதற்குரிய செலவைக் கொடுக்க வேண்டும் என்றும், தீங்கு வருமென்று தெரிந்தால் வருமுன் தடுக்க வேண்டியது சர்க்காரின் கடமை என்றும் ஸ்தாபித்தது. நஷ்டத்தை மதிப்பிட்டு வாங்கிக் கொடுக்க ஒரு அதிகார சபையை நியமிக்கும்படியும் உத்திரவிட்டது. உலகமெல்லாம் சட்டக் கல்லூரிகளில் எடுத்துப் படிக்கும்படியான தீர்ப்பு அது. நமது பெருமையைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

ஆனால் அந்தத் தீர்ப்பைக் கொண்டு கிணறு இனித்ததா என்றால் அதுதான் இல்லை. அதிகார சபை 2001 மார்ச் 7-இலும், பிறகு 2009 ஆகஸ்ட் 24-இலும் நஷ்டஈட்டு உத்திரவுகள் போட்டது. அதற்கப்புறமும் வழக்கு, அப்பீல், மனு என்று இழுத்து, 2025 ஜனவரி 30-இல் அதே சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் வாய் திறந்து, கொடுபடாத நஷ்டஈட்டைச் சர்க்காரே ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டுப் பிறகு குற்றவாளிகளிடம் வசூலித்துக் கொள்ள வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற ஹைகோர்ட்டு ஜட்ஜின் தலைமையில் மேற்பார்வைக் கமிட்டி போட வேண்டும் என்றும் சொல்ல வேண்டியதாயிற்று. 1991-இல் மனுவில் கையெழுத்திட்ட காலத்தில் பிறந்த குழந்தைக்கு 2025-இல் வயது 34. அக்குழந்தைக்கே குழந்தை பிறந்து, அதுவும் பள்ளிக்கூடத்தில் பாலாறு ஓடுகிறது என்று படித்துக் கொண்டிருக்கும்! தாமதித்த நீதி என்று இதைச் சொல்லுவது நாகரிகமான பேச்சு. உள்ளதைச் சொன்னால், கோர்ட்டு ஒரு புது இலாகாவாகி மற்ற இலாகாக்கள் செய்யாத வேலையை இதுவும் செய்ய முடியாமல் தவிக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். இதற்கு ஜட்ஜுகளை நாம் குற்றம் சொல்லவில்லை. ஆற்றங்கரைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடும் அசுத்தம் செய்யும் தொழிற்சாலைகளை வைக்கக் கூடாதென்று 1989 மார்ச்சு 30-ந் தேதியே தமிழ்நாடு சர்க்கார் அரசாணை போட்டிருக்கிறது. தான் போட்ட ஆணையைத் தானே நடத்தாத சர்க்காருக்குக் கோர்ட்டு ஆணை எம்மாத்திரம்?

ராணிப்பேட்டையைப் பாருங்கள். அங்கே குரோமிய ரசாயனம் செய்துவந்த ஒரு தொழிற்சாலை 1995-இல் மூடப்பட்டது. முதலாளிகள் போய்விட்டார்கள், லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு மட்டும் குன்றாகக் குவிந்து நின்றது. மழை பெய்யும்தோறும் அது மஞ்சளாய்க் கரைந்து நிலத்தடிக்குப் போயிற்று. உலகத்திலேயே மகா அசுத்தமான பத்து இடங்கள் என்று ஒரு அமெரிக்க ஸ்தாபனம் 2006-இல் ஜாபிதா வெளியிட்டபோது அதில் ராணிப்பேட்டையும் இடம்பெற்றது. நமது ஊர்ப்பெயர் உலகப் பிரசித்தியடைந்த விதம் இது! 2015 ஜனவரி 31-இல் அதே ராணிப்பேட்டையில், தோல் கழிவைச் சுத்தம் செய்யும் பொது நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளிகள் கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கூலி தேடி மேற்கு வங்காளத்திலிருந்து வந்த ஏழைகள். ஆற்றைச் சுத்தம் செய்ய ஏற்பட்ட ஸ்தாபனமே ஆளைக் கொன்றது என்றால், மேற்பார்வை இலாகாக்கள் எதை மேற்பார்த்தன என்று கேட்க நமக்குப் பாத்தியமில்லையா?

இதிலுள்ள ஜாதிச் சங்கதியையும் சொல்லாமல் விட முடியாது. தோலைத் தொட்டால் தீட்டு என்றார்கள். தோல் தொழிலாளியை ஊருக்கு வெளியே வைத்தார்கள். அவன் ஊர்க் கிணற்றில் வாளி விட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்று அடித்து விரட்டினார்கள். இன்று அந்த ஊர்க் கிணற்றிலும் குரோமியம், சேரிக் கிணற்றிலும் குரோமியம்! மனிதன் தொட்டால் கெட்டுவிடும் என்று சொல்லப்பட்ட தண்ணீர், முதலாளியின் கழிவு கலந்தால் மட்டும் தீட்டுப்படவில்லை போலும். எந்த சாஸ்திரத்திலாவது இதற்குப் பிராயச்சித்தம் எழுதியிருக்கிறதா? ஆனால் விஷம் சமத்துவமாய் வந்த பிறகும் ஜாதி போய்விடவில்லை. 2019 ஆகஸ்ட் மாதத்தில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில், சுடுகாட்டுக்குப் போகும் பாதை மேல்ஜாதியார் நிலங்களுக்குள் அடைபட்டுக் கிடந்ததால், தாழ்த்தப்பட்ட ஒருவரின் பிரேதத்தைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சென்னை ஹைகோர்ட்டு தானாகவே அதை விசாரணைக்கு எடுத்தது. உயிரோடிருக்கையில் ஆற்றுத் தண்ணீருக்கும், செத்தபின் ஆற்றங்கரைக்கும் வழியில்லாத மனிதனை எந்த நீர்த் திட்டத்தில் எந்த இலாகா கணக்கெடுத்திருக்கிறது?

இனி, நமது சர்க்கார் இலாகாக்களில் தண்ணீருக்காக உண்மையாகவே சுறுசுறுப்புக் காட்டிய ஒரு இலாகாவையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். அது இந்து சமய அறநிலையத் துறை. 2019 ஏப்ரலில், வறட்சி தாங்காமல் மக்கள் குடத்தோடு அலைந்த சமயத்தில், பெரிய கோவில்களிலெல்லாம் மழை வேண்டி யாகமும் வருண ஜபமும் நடத்தும்படி அத்துறை சுற்றறிக்கை அனுப்பிற்று. நந்தியின் கழுத்து மட்டம் தண்ணீர் கட்டுவதும், மழை ராகங்கள் வாசிப்பதும் அதில் சேர்ந்தவை. மனிதனுக்கு நாக்கு நனையத் தண்ணீரில்லை. கல் மாட்டுக்குக் கழுத்து நனைய வேண்டுமாம்! இந்த ஜபத்தின் பலன் என்ன ஆயிற்று? அதே வருஷம் ஜூலை 12-ந் தேதி, நமது ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு சென்னைக்கு ரயில் புறப்பட்டது. வருண பகவான் வரவில்லை, கூட்ஸ் வண்டிதான் வந்தது. அந்த ரயிலை ஓட்டியவன் மனிதன். பம்பு வைத்து இறைத்தவன் மனிதன். மந்திரம் சொன்னவனுக்குத் தட்சணை. கால்கடுக்கக் குடத்தோடு நின்ற பெண்ணுக்கு, “எல்லாம் தலைவிதி” என்ற உபதேசம். மழை பொய்த்தது கடவுள் செயல் என்று ஜனங்கள் நம்பியிருக்கும் வரையில், ஏரியைத் தூர்த்தவனையும், மணலை அள்ளியவனையும், கழிவைத் திறந்துவிட்டவனையும் யாரும் கேட்க மாட்டார்கள். யாகத்தால் மழை வராது என்பதைக்கூட நாம் பெரிதாகச் சொல்ல வரவில்லை. யாகத்தால் குற்றவாளி தப்பித்துக் கொள்கிறான் என்பதுதான் நமது முக்கிய ஆட்சேபணை.

நம்மை எதிர்த்துச் சொல்லப்படும் சமாதானங்களையும் பார்ப்போம். தோல் தொழிலை மூடினால் லட்சக்கணக்கான ஏழைகள் பட்டினி கிடப்பார்களே என்று முதலாளிமார்கள் கண்ணீர் விடுகிறார்கள். தொழிலை மூடச் சொல்லி நாம் கேட்கவில்லை. கழிவைச் சுத்தம் செய்கிற செலவைத் தன் லாபத்திலிருந்து கொடு என்றுதான் கேட்கிறோம். ஏழையின் கூலியைக் காட்டி ஏழையின் கிணற்றைக் கெடுக்கிறவன் தர்மம் பேசுவது ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். மற்றொரு சமாதானம், ஆந்திராக்காரர் தடுப்பணை கட்டித் தண்ணீரை மறித்துவிட்டார்கள் என்பது. பாலாறு கர்நாடகத்தில் பிறந்து ஆந்திரா வழியாக நம்மிடம் வருவதும், 1892-இல் சென்னைக்கும் மைசூருக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டதும், ஆந்திரா கட்டும் அணைகளை எதிர்த்து நமது சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருப்பதும் வாஸ்தவம். அந்த உரிமையை விட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் குரோமியம் ஆந்திராவிலிருந்து வந்ததா? நமது ஆற்று மணலை அவர்களா லாரியில் ஏற்றினார்கள்? 2021 நவம்பரில் பாலாற்றில் கரைபுரண்டு வெள்ளம் வந்ததே, அதைத் தேக்காமல் கல்பாக்கத்துப் பக்கம் கடலுக்கு வழியனுப்பி வைத்தவர்கள் யார்? அயலானைக் காட்டி அழுவது சொந்தப் பொறுப்பை மறைக்கச் சுலபமான வழி என்பதைத் தவிர இதில் வேறென்ன இருக்கிறது?

செய்ய மனமிருந்தால் முடியுமா என்பதற்கு ஐரோப்பாவின் ரைன் நதியைப் பாருங்கள். பிரான்சும் ஜெர்மனியும் ஒன்றையொன்று அழிக்க யுத்தம் நடத்திய தேசங்கள். யுத்தம் முடிந்து ஐந்து வருஷத்திற்குள், 1950-இல், சுவிட்சர்லாந்து, லக்சம்பர்க், ஹாலந்து ஆகியவற்றோடு சேர்ந்து அந்த ஒரே ஆற்றுக்கு ஒரே கமிஷன் ஏற்படுத்தின. 1986 நவம்பர் 1-இல் பாசல் பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடித்து விஷம் ஆற்றில் கலந்து மீன்கள் கூட்டங் கூட்டமாய்ச் செத்தன. மறு வருஷமே அத்தேசங்கள் ஒரு திட்டம் போட்டு, பட்டணத்துச் சாக்கடையையும் தொழிற்சாலைக் கழிவையும் கட்டுப்படுத்தி, வெகு காலமாய் மறைந்திருந்த சால்மன் மீன் திரும்பி வரும்படி செய்தன. ரைன் நதியை யாரும் தாயே என்று கும்பிடவில்லை, ஆரத்தி எடுக்கவில்லை. கணக்கு எடுத்தார்கள், பரிசோதித்தார்கள், பணம் செலவழித்தார்கள். ஐந்து தேசங்களால் முடிந்தது, ஒரே ராஜ்யத்துக்குள் இருக்கும் மூன்று கலெக்டர்களாலும் சில இலாகாக்களாலும் ஏன் முடியாது?

ஆகவே நாம் கேட்பது இவைதான். பாலாற்றுக்கும் உத்திரகாவேரி முதலிய அதன் கிளைகளுக்கும் சேர்த்து, மலை முதல் கடல் வரை, எல்லா இலாகாக்களையும் கட்டளையிடக் கூடிய ஒரே அதிகார சபை வேண்டும்; அதில் உத்தியோகஸ்தர்களோடு குடியானவர், நிலமில்லாத கூலியாள், தோல் தொழிலாளி ஆகியோரின் பிரதிநிதிகளும், அவர்களில் பெண்களும் உட்கார வேண்டும். கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனைக் கணக்கைத் தமிழில் எழுதி ஊர்தோறும் பஞ்சாயத்து ஆபீசுச் சுவரில் ஒட்ட வேண்டும். நஷ்டஈடு என்பது பட்டா வைத்திருப்பவனுக்கு மாத்திரம் என்றில்லாமல், அந்த நிலத்தில் கூலிவேலை இழந்தவனுக்கும் சேர வேண்டும். கசடுத் தொட்டிக்கும் கழிவு மலைக்கும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் உத்தியோகஸ்தர் இருக்க வேண்டும். ஆள் செத்தால் அவர் ஜவாப் சொல்ல வேண்டும். தண்ணீரின் பெயரால் சர்க்கார் இலாகா எதுவும் யாகம், ஜபம் என்று உத்திரவு போடக் கூடாது.

ஒடுகத்தூர்த் தோழர்களே! மேலே இருக்கிறோம், நமக்கு விஷம் வராது என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். மலைத் தண்ணீர் உங்களைத் தாண்டித்தான் பாலாற்றுக்குப் போகிறது. அணை வேண்டுமென்று நீங்கள் கேட்கும் மனுவும், நஷ்டஈடு வேண்டுமென்று ஆம்பூரான் கேட்கும் மனுவும், குரோமிய மலையை எடு என்று ராணிப்பேட்டையான் கேட்கும் மனுவும் தனித்தனியாய்ப் போகிற வரையில் இலாகாக்காரர்களுக்குக் கொண்டாட்டந்தான். அவர்கள் பிரிந்து நின்று பதில் சொல்ல, நீங்களும் பிரிந்து நின்று கேட்கிறீர்கள். மூன்றையும் ஒரே மனுவாக எழுதி, மூன்று கலெக்டர் கச்சேரிகளிலும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். பாலாற்றுக்கு எஜமானன் யார் என்று கேளுங்கள். யாரும் பதில் சொல்லவில்லையானால், அதன் தண்ணீரைக் குடிக்க வேண்டிய நாங்கள்தான் என்று சொல்லிவிட்டு, அந்தப் பதிலுக்கு ஏற்றபடி நடந்து காட்டுங்கள்.